பச்சை என்று அனுப்பிய வீடு

எங்கள் ஆம்புலன்ஸ் வயர்லெஸ்ஸில் வியாதிக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். சிவப்பு என்றால் உயிர் ஊசலாடுகிறது, சைரனைப் போட்டுக்கொண்டு பற. மஞ்சள் என்றால் சீக்கிரம் போ, ஆனால் வண்டியைக் கவிழ்த்துவிடாதே. பச்சை காத்திருக்கும். நீலத்துக்கு அவசரமே இல்லை, ஆள் போய்விட்டார்.

நிறம் கொடுப்பவள் ஸோலேகா. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரோடு ஒத்துப்போகாமல் நகரத்துக்கு வந்து, கடைக் கல்லாவில் உட்கார்ந்து, பிறகு வயர்லெஸ்ஸுக்கு வந்தவள். சரியான சிடுமூஞ்சி. நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் போதும், "வுயானி, கதை பேசவா சம்பளம்?" என்று பாய்வாள். ஆனால் அவள் கொடுக்கும் நிறம் தப்பாது. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. எங்கள் பக்கத்துக்கு இருப்பது இரண்டே வண்டி என்பதால் அந்தக் கர்வத்தை நான் குறை சொன்னதில்லை.

அன்று காலை அவள் கொடுத்தது பச்சை.

"மேட்டு ஊர், கடைசி வட்ட வீடு. பெரியவர், சர்க்கரைக்காரர். அசதியா தூங்குறாராம். பச்சை."

பச்சைதானே என்று வண்டியை ஓரங்கட்டினேன். நானும், என்னோடு வரும் மருத்துவ உதவியாளர் பாபல்வாவும் சூடாக எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, க்வின்யா, வாங்கினோம். கடித்தது வாயில் இருக்கும்போதே வயர்லெஸ் அலறியது.

"வுயானி, சிவப்பு! நான் தப்பு பண்ணிட்டேன். கிளம்பு!"

ஸோலேகா தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை. க்வின்யாவை வீசிவிட்டுச் சைரனைப் போட்டேன்.

நடந்ததைப் பிறகு சொன்னாள். கூப்பிட்டது அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். குரலில் பதற்றமில்லை. நோயாளியின் பெயரைக் கேட்டதற்கு, "வீட்டுப் பெரியவர்" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் ஸோலேகாவுக்கு உறைத்தது. எங்கள் இன வழக்கப்படி மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள், குரலை உயர்த்தமாட்டாள், வட்ட வீட்டில் ஆண்கள் பக்கமான வலப்பக்கத்தில் கால் வைக்கவும் மாட்டாள். பிறகு எதைப் பார்த்துத் தூக்கம் என்றாள்? ஸோலேகா உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"எங்க நிக்கிற?"

"வாசல்லம்மா."

"அவரு?"

"உள்ள, வலப்பக்கம்."

"வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. அத்தை சந்தைக்குப் போயிருக்காங்க."

"கிட்ட போய்ப் பாரு."

"ஐயோ, எப்படிம்மா? அத்தை கொன்னே போட்டுடுவாங்க."

"உங்க அத்தைய நான் பாத்துக்கறேன். நானும் ஒரு மாமியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவதான். போடி உள்ள!"

போனாள். பெரியவர் வேர்த்து நனைந்து, எச்சில் ஒழுக, குறட்டை மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உலுக்கியும் எழவில்லை. ஒருக்களித்துப் படுக்கவை, வாயைத் துடை, தலையைப் பிடி, குடிக்க எதுவும் கொடுக்காதே என்று ஸோலேகா சொல்லச் சொல்ல, அந்தப் பெண் செய்தாள்.

நாங்கள் நுழைந்தபோது மாமனாரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று கண்ணை இறுக மூடியிருந்தாள். பாபல்வா அவர் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள்.

"நிறம் சொல்லு, வுயானி" என்றது வயர்லெஸ்.

நான் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீலமா?" ஸோலேகாவின் குரல் சின்னதாகிவிட்டது.

பெரியவரின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். மருமகள் பதறி விலகப் போனாள்.

"அசையாத பொண்ணே" என்றார் குழறலாக. "தலை தரையில முட்டும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"மஞ்சள். பெரியவர் மருமக மடியில சொகுசா படுத்துக்கிட்டு அவளையே அதட்டுறார்."

கதை பேசவா சம்பளம் என்று பாய்வாள் எனக் காத்திருந்தேன்.

"இன்னும் சொல்லு" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.