மனிசி வீட்டு விலாசம்

நான் ஒரு நண்டு பதனிடும் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்று பெயர்தான் பெரிது, ஆள் நான் ஒருவன். பணியாளர்களின் பதிவுகளில் பிழை பிடிப்பது, திருத்துவது, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. இதில் பிழை பிடிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பிழை விட்டவனை ஏசலாம். அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண்ணைத் தவறவிட்டவனை இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்கிற மாதிரி ஏசியிருக்கிறேன்.

அண்மையில் கொழும்பில் புது முகாமையாளர் ஒருவர் வந்தார். யார் எந்தப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு அறிக்கை கேட்டார். பதிவில் இருந்த விலாசங்களை ஊர் ஊராகப் பிரித்து ஒரு பின்னேரத்துக்குள் அனுப்பிவிட்டேன். இவ்வளவு கெதியாக வேறு ஒருவரும் அனுப்பவில்லை என்று பாராட்டி மின்னஞ்சல் போட்டார். அதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. பத்துப் பேருக்குக் குறைந்த பக்கத்துக்கு வான் இல்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்பதால் அங்கே போகும் வான் மாத முடிவோடு நிற்கும். தொண்டைமானாற்றுப் பக்கம் ஆட்கள் கூட என்பதால் அங்கே புதிதாக ஒரு வான் ஓடும்.

அந்த ஒரே ஒரு ஆள், நண்டுச் சதை பிரிக்கும் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அறிவித்தல் ஒட்டிய கொஞ்ச நேரத்தில் றப்பர் சப்பாத்தோடு என் அறைக்கு வந்துவிட்டார்.

“சேர், எங்கடை வானை நிப்பாட்டப் போறியளாம்?”

“நான் நிப்பாட்டேல்லை. கொழும்பு நிப்பாட்டுது.”

“கொழும்புக்கு ஆர் எழுதினது?”

“பதிவிலை கிடந்ததைத்தான் நான் எழுதினனான். அதுக்கு நான் என்ன செய்யிறது?”

“முதல் பஸ்ஸைப் பிடிச்சாலும் ஆறு மணி வேலைக்கு வந்து சேரேலாது சேர். வான் இல்லையெண்டால் நான் வேலையை விடத்தான் வேணும். பேந்து என்ரை பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது, நீங்களோ?”

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நியாயம் இல்லாத இடத்தில்தான் என் சத்தம் கூடும். அவர் கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

நான் செய்தது சரி என்று எனக்கே காட்டுவதற்காக அந்த அறிக்கையைத் திரும்பத் திறந்தேன். நண்டைத் தரம் பிரிக்கும் இயந்திரத்தில் வேலை செய்யும் ஒருவனின் வரி கண்ணில் பட்டது. ஊர் தொண்டைமானாறு. ஞாயிற்றுக்கிழமை அவனிடம்தான் ஏணி இரவல் வாங்கினேன். வேலிக்கு மேலால் வாங்கினேன். சாவகச்சேரியில், என் வீட்டு வேலிக்கு மேலால்.

கீழே போகப் போக எல்லாம் அப்படியே இருந்தது. பளையில் பிறந்தவன், வடமராட்சியில் பிறந்தவன், தீவில் பிறந்தவன். எல்லாரும் சாவகச்சேரியில் கலியாணம் கட்டி மனைவியின் சீதன வீட்டில் இருப்பவர்கள். காலையில் அவர்கள் வானுக்கு நிற்பதைத் தினமும் மோட்டார் சைக்கிளில் கடந்து போகிறவன் நான். கைகூடக் காட்டுவேன். அறிக்கை எழுதும்போது மட்டும் அவர்களை எனக்குத் தெரியவில்லை. தொண்டைமானாறு என்று எழுதிய மற்றவர்களும் வேறு ஊர்களில் மனைவி வீட்டில்தான். ஒருவரும் இல்லாத தொண்டைமானாற்றுக்குப் புது வான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டேன்.

“உமக்கு விசரே? சாவகச்சேரியிலை இருந்துகொண்டு ஏன் தொண்டைமானாறு எண்டு எழுதினனீர்?”

“அதுதானே அண்ணை என்ரை இடம்.”

“அங்கை கடைசியா எப்ப போனனீர்?”

“சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு.”

“அப்ப நீர் படுத்தெழும்புற வீடு?”

“அது மனிசியின்ரை வீடெல்லே. அதை எப்பிடி என்ரை விலாசமெண்டு எழுதுறது? சனம் என்ன நினைக்கும்?”

“உந்தக் கதையை விடும். உம்மாலை ஒரு பொம்பிளையின்ரை வேலை போகப்போகுது!”

“கத்தாதேங்கோ அண்ணை. நீங்கள் உங்கடைக்கு என்ன எழுதியிருக்கிறியள்? அதை ஒருக்கால் பாருங்கோவன்.”

பார்க்கத் தேவை இருக்கவில்லை. சண்டிலிப்பாய். நான் பிறந்த அந்த வீட்டை என் அப்பா தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்துக் கனகாலம். இப்போது அங்கே இருப்பது தங்கச்சியின் புருசன். அவன் தான் வேலை செய்யும் கந்தோரில் எந்த ஊரை எழுதி வைத்திருக்கிறானோ தெரியாது.

பின்னேரம் வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“அப்ப இவ்வளவு காலமும் ஆரின்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டனியள்?”

“அது சும்மா ஒரு பதிவுக்கு...”

“ஓம், பதிவுக்குச் சண்டிலிப்பாய், சோத்துக்குச் சாவகச்சேரி. கூரை ஒழுகுது, ஏறிப் பாருங்கோ எண்டால் ‘என்ரை வீட்டிலை ஆர் என்னைக் கேக்கிறது’ எண்டு கத்துவியள். உது எந்த வீடு?”

சாப்பிட்டேன். அவருடைய வீட்டில்தான்.

அடுத்த நாள் பதிவில் ‘தற்போதைய விலாசம்’ என்று புதிதாக ஒரு இடம் போட்டு எல்லாரிடமும் கேட்டேன். எல்லா ஆம்பிளைகளும் பழைய ஊரையே திரும்ப எழுதித் தந்தார்கள். மேசையில் அடித்தேன், கை நொந்தது. பிறகு அதை அழித்துவிட்டு, ‘காலையில் எந்தச் சந்தியில் வான் ஏறுவீர்கள்?’ என்று மட்டும் கேட்டேன். ஒருவனும் பொய் சொல்லவில்லை. சந்தியில் நிற்பதில் மானப் பிரச்சினை இல்லைப்போல.

சாவகச்சேரிச் சந்திகளில் அந்தப் பெண்ணோடு சேர்த்து ஒன்பது பேர். திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டுக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஒன்பதுதானே? பத்து வேண்டும்” என்றார் முகாமையாளர்.

நான் சத்தம் போட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்து, “பத்து வேண்டும்” என்று அதே குரலில் சொன்னார். என்னைப் போன்றவனை மடக்க அது போதும்.

“பத்தாவது ஆள் நான்” என்றேன்.

“நீங்கள் சண்டிலிப்பாய் அல்லவா?”

“இல்லை. சாவகச்சேரி. மனைவியின் வீடு.”

“பதிவில் உங்களுக்கு மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறதே?”

“இருக்கட்டும். நான் வானில் வருகிறேன்.”

சரி, வான் ஓடும் என்றார். யார் யார் ஏறுகிறார்கள் என்று சாரதியிடம் விசாரிப்பேன் என்றும் சொன்னார். இனி ஒளிக்க இடமில்லை.

திங்கட்கிழமை விடியமுன் போய்ச் சந்தியில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரன் பல்லைக் காட்டினான்.

“வாங்கோ மாப்பிளை! மாமியார் வீட்டிலை எல்லாரும் சுகமோ?”

மற்றவர்களும் சிரித்தார்கள். அதே மாதிரி மாப்பிளைகள்தான் எல்லாரும், ஆனால் அன்றைக்கு நான் மட்டும்தான் மாப்பிளை.

வான் வந்தது. அந்தப் பெண் முந்திய சந்தியிலேயே ஏறி யன்னல் பக்கம் இருந்தார். பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அவர் ஏதாவது நன்றி சொல்வார், பெரிசுபடுத்தாத மாதிரி ஒரு பதில் சொல்லலாம் என்று இரவே யோசித்து வைத்திருந்தேன். இருக்கப் போனேன்.

“சேர், உதிலை அடுத்த சந்தியிலை ஏறுற அண்ணை இருக்கிறவர்” என்றார். “புதுசா வாற ஆக்கள் பின்னுக்கு.”

பின்னுக்குப் போனேன். அந்த இருக்கை பின்சில்லுக்கு நேர் மேலே, ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடும். வழியில் கைதடி தாண்டமுன் என் இடுப்பு போய்விட்டது. யாரை ஏசலாம் என்று வானுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் நித்திரை.