ஏழுமலை காத்த குழி

அன்று காலை ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்க் ஆபரேட்டர் ஏழுமலைக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், "மணி ஏழாவுது, இன்னும் மோட்டார் போடாம இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கத்தினேன். "நைனா பூட்டாரு சார்" என்றாள் அவருடைய மகள். விடியற்காலையில் நெஞ்சுவலியாம். மோட்டார் ரூம் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அழுதுகொண்டே கேட்டாள்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் ஊராட்சியில் நான் செயலர். ஊர் வாயில் கிளார்க். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலனிக்காரர் என்பதால் இத்தனை வருடமும் பெயர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிட்டேன். 'அவர்' என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சதீஷ் உங்களுக்கு நினைவிருப்பான். கன்னியம்மாவின் ஒரே மகன், செங்கல் லோடு ஏற்றப் போகிற பையன். ஆறு வருடத்துக்கு முன் ஏரிக்கரையில் போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. கரையில் பதுங்கியிருந்தான், பிடிக்கப் போனால் கத்தியால் வெட்ட வந்தான், அதனால் சுட்டோம் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே, பட்டப்பகலில், மஃப்டியில் நாலு பேர் என் ஆபீசுக்கு வந்து அவன் வீட்டைக் கேட்டார்கள். காலனித் தெரு முனைவரை கூடப் போய்க் கை நீட்டிக் காட்டியவன் நான். சட்டை போடக்கூட விடாமல் அவனை வண்டியில் ஏற்றியதை அங்கே நின்று பார்த்தவனும் நான். தெருவே நடவுக்குப் போயிருந்தது. வேறு யார் பார்த்தது? அவனைப் பெற்றவள் மட்டும்தான். "பெத்தவ அப்படித்தான் சொல்லுவா" என்று கன்னியம்மாவின் பேச்சைத் தள்ளிவிட்டார்கள். என் பெயரை யாரும் சொல்லவில்லை, விசாரணைக்கும் கூப்பிடவில்லை. தப்பித்தேன் என்று வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பிணம் வந்த அன்று, உடனே எரித்துவிடச் சொல்லி இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தினார். "இவங்க வழக்கம் என்னய்யா?" என்று என்னைக் கேட்டார். "எரிச்சிடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை வராது" என்றேன். விறகுக்கும் நானே சொல்லி வைத்திருந்தேன். அப்போது ஏழுமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கல்யாணம் ஆவாத புள்ளைய நாங்க எரிக்க மாட்டோம் சார். பொதைக்கறதுதான் எங்க வழக்கம். கிளார்க்கு எங்க சுடுகாட்டுப் பக்கம் காலு வெச்சதே இல்ல, அவருக்கு இன்னா தெரியும்?"

காலனியே அவர் பின்னால் நின்றது. புதைத்தார்கள். வழக்கம் உண்மைதான். ஆனால் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும், புதைத்தால் என்றைக்காவது தோண்டிப் பார்க்கலாம் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத்தான் மண்டையில் ஏற மாதக்கணக்கானது.

பிறகு கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு வக்கீல், கோர்ட் என்று அலைந்தார். உடலைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற மனு நிலுவையில் இருந்தபோது, காலனி சுடுகாட்டைச் சமன் செய்யச் சொல்லி எனக்கு மேலிருந்து ஒரு ஃபோன் வந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. ஜேசிபிக்கு உத்தரவு எழுதிவிட்டேன். போய்ப் பார்த்தால், குழிமேல் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏழுமல, வேல பூடும்" என்றேன்.

"ரெண்டு டேங்கும் ரொப்பிட்டுத்தான் வந்து குந்திக்கினு கீறேன். வேலைல இன்னா கொற? சொல்லு கிளார்க்கே" என்று சிரித்தார்.

ஜேசிபி டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோர்ட் உத்தரவு வரும்வரை, தண்ணீர் விட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் அங்கேயே இருந்தார்.

தோண்டினார்கள். குண்டு முதுகுப் பக்கம் பாய்ந்திருக்கிறது என்று டாக்டர்கள் எழுதினார்கள். வெட்ட வந்தவன் முதுகைக் காட்டிக்கொண்டா வருவான்? ஆனாலும் அவனை வீட்டிலிருந்துதான் பிடித்துப் போனார்கள் என்று சொல்ல வெளியாள் சாட்சி இல்லை. அந்த ஒன்று இல்லாமல் வழக்கு நொண்டிக்கொண்டிருந்தது. "வண்டிய நீயும் பாத்தேன்னு சொல்லிடேன்" என்று சதீஷின் சொந்தக்காரர் ஒருவர் ஆபீஸ் வாசலில் ஏழுமலையை நச்சரித்தார். "அன்னிக்கு நான் வால்வு ரிப்பேருக்குப் போய்ட்டேன். பாக்காதத பாத்தேன்னு சொன்னா, பாத்ததும் பொய்யாப் பூடும்" என்றார். பார்த்தவனான நான் உள்ளே ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீ, என்ன பிறவியோ நான்!

சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தேன். கன்னியம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன வந்ததோ, குனிந்து, "அன்னிக்கு சதீஷ இட்டுக்கினு போனத நான் பாத்தேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்யா. மொனையில நின்னு கை காட்டுனதே நீதான? அன்னிக்கே ஏழுமல அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்." எப்போதும் என்னை 'சார்' என்பவர்.

"அப்பறம் ஏம்மா எம் பேரச் சொல்லல?"

"சொல்றேன்னுதான் குதிச்சேன். அண்ணன்தான் வுடல. 'நாம பேரச் சொன்னா, கிளார்க்கு நான் போவவே இல்லன்னு எழுதிக் குடுத்துருவாரு. அப்பால ஆயுசுக்கும் மாத்த முடியாது. தானா வரட்டும், வருவாரு'ன்னாரு. வாய்தா அன்னிக்கெல்லாம் உன் ஆபீசுக்கு எதுக்கு வந்தாருன்னு நெனச்ச?"

லீவு சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தேன். "கோர்ட்டுக்குப் போறேன் கிளார்க்கே, வரியா?" என்பார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று, "எனக்கு வேற வேல இல்லையா?" என்பேன். ஆறு வருடம் கேட்டார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

என் வாக்குமூலத்தை எழுதி வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். வேலை போகலாம், வழக்கில் நானே மாட்டலாம். வரட்டும். ஏழுமலை அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த 'வரியா' ஒன்றைத்தான். அடுத்த வாய்தாவுக்குக் கன்னியம்மா ஏறுகிற பஸ்ஸில் நானும் ஏறுவேன். அவர் பக்கத்தில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. நின்றுகொண்டே போவேன்.