மலரின் இரண்டாவது பிரிப்பு

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். மலரை நல்லவளாகக் காட்ட ஒரு சொல்லும் கூட்டமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஆசிரியை மலரின் பெயரில் நின்றுவிட்டார். "காய்ச்சல் கொண்டுபோயிற்று, பிள்ளைகள்" என்றார். அவளோடு ஒரே வாங்கில் இருந்தவள் நான்.

கடந்த விடுமுறையில் சவர்க்காரக் கம்பனி முகவர் ஒருவர் எங்கள் வகுப்பை வீடு வீடாக அனுப்பினார். என்ன தொழில், சவர்க்காரம் பிடிக்குமா என்று கேட்டு வீட்டுக்கொரு காகிதத் துண்டு எழுதினோம். துண்டுகளைத் தொழில்வாரியாகப் பிரித்தபோது, வயல்காரர் வீடுகளைவிட மீன்பிடி வீடுகளிலேயே 'பிடிக்காது' அதிகம். "மீன்காரருக்கு அழுக்கே பழக்கம்" என்று முகவர் சிரித்தார். மலரின் தகப்பன் பனிச்சங்கேணி வாவியில் தோணி வைத்திருப்பவர் என்று தெரிந்தே சிரித்தார்.

மீன்பிடி வீடொன்றில் ஒரு பெண் சொன்னது மலருக்கு நினைவிருந்தது. "சவுக்காரத்தில பிழையில்ல புள்ள. எங்கட கிணத்து உப்புத் தண்ணிக்கு நுரைக்காது. நீ எழுதிற எழுத்தில என்ட சீலை வெளுக்குமா?"

மறுபடியும் எல்லா வீட்டுக்கும் நடந்து, கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டோம். மலர் துண்டுகளை முதலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்றும், பிறகு தொழில்வாரியாகவும் பிரித்தாள். நல்ல தண்ணீர் வீடுகளில் இரு தொழிலாரும் ஏறக்குறைய ஒரே அளவில் விரும்பினார்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் ஒரே அளவில் வெறுத்தார்கள்.

"தொழிலால வாறதெண்டா, ஒரே தண்ணி உள்ள வீடுகளுக்குள்ளயும் வித்தியாசம் தெரியோணும். எங்க புள்ள தெரியுது?" என்றாள். மீன்பிடி வீடுகள் பெரும்பாலும் கடல்நீர் கலக்கும் வாவிக்கரையில் இருந்தன. உப்புக் கிணறுகளும் அங்கேதான் இருந்தன.

"ஐயா, உங்கட சட்டையை ஒரு நாள் அந்தக் கிணத்தில தோய்ச்சுப் போட்டுச் சொல்லுங்க" என்று முகவரிடம் துண்டுகளை நீட்டினாள். அவர் கைநீட்டவில்லை. முதற் பிரிப்பை மட்டும் கம்பனிக்கு அனுப்பினார். அதன்பின் வாவிக்கரைக் கடைகளுக்குச் சவர்க்காரம் வருவது நின்றது. அங்குள்ளவர்கள் சுத்தம் விரும்பாதவர்களாம். நல்ல கிணறு வைத்திருந்த மலர் வீட்டுக்கும் அதே பெயர்.

காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மற்றப் பிரிப்பையும் எல்லாருக்கும் சொல்லிப்போடு."

நேற்று மாலை இரங்கற் கூட்டத்தில் அதே முகவர் அவள் படத்துக்கு மாலை போட்டார். "முத்துமுத்தான கையெழுத்து. பணிவான பிள்ளை" என்றார். அந்தக் கையெழுத்தில் இருந்ததை வாசிக்க மறுத்தவருக்கு அதைப் புகழ என்ன உரிமை?

இன்ன சாதியார், இன்ன தொழிலார் இப்படித்தான் என்று யார் சொன்னாலும், துண்டு பிரிக்கும்போது மலர் கேட்ட கேள்வியைத்தான் இனி நான் கேட்பேன்: "ரெண்டும் சேர்ந்து நிக்குது, சரி. நடுவில நிக்கிறது எது?" அவளிடமிருந்து எனக்கு எஞ்சியது அதுதான்.

கூட்டத்தில் நான் எழுந்து இரண்டாவது பிரிப்பைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே, கூட்டம் முடிந்தது என்று நடத்தியவர்கள் மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.