ரயில்வே கேட்டும் என் நெஞ்சுத் துடிப்பும்

இன்று காலை குரோம்பேட்டையில் உள்ள என் கடையில் பெயின்ட் டின்னை இறக்கி வைத்ததும் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. தலையும் சுற்றியது.

போன மாதமும் இப்படித்தான். "அடுத்த தடவை படபடப்பு அடங்கறதுக்குள்ள வாங்க, அப்பதான் ஈ.சி.ஜி.யில பிடிக்க முடியும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். கிளினிக் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கேட் மூடியிருந்தது.

மின்சார ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ்தான் சார், ஒரு சோடா அடிங்க" என்றார்.

ஆட்டோக்காரருக்குக் கோபம். "இன்னா சார், கேஸுக்கு எங்கயாவது தல சுத்துமா? இது பித்தம்."

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கூட்ஸ் வண்டி ஊர்ந்து வந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்தபோது என் நெஞ்சு சமர்த்தாக அடங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஈ.சி.ஜி. நார்மல்.

"ரத்தசோகையா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், வெறும் வயித்துல டீயா குடிச்சுத் தள்ளறதால இருக்கலாம். இதயத் துடிப்புலயே கோளாறும் இருக்கலாம். ரத்த டெஸ்ட் எழுதறேன். ஆனா அடிக்கும்போதே பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

"கேட் மூடிக் கிடந்தா நான் என்ன சார் பண்றது?"

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க."

நண்பர்களே, வைத்தியம் எதுவும் எழுத வேண்டாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கிளினிக்கை ஒட்டி வாடகைக்குக் கடை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அட்வான்ஸ் பேசிக்கொள்ளலாம்.