அடிமட்டம் வைத்து வாசித்த பதிவாளர்

அன்று செவன் கிங்ஸில் உள்ள அந்தச் சிறிய அலுவலக அறையில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் மகள், கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிகளின் பதிவாளர்.

பதிவாளரும் எங்களைப் போல் புலம்பெயர்ந்து வந்த யாழ்ப்பாணத்தவர்தான். ஒல்லியான மனிதர். எந்தத் தாளையும் வரிக்குக் கீழே, கோடு போடும் அடிமட்டம் வைத்துத்தான் வாசிப்பார்.

கல்லூரி மாறிய பிள்ளை விளையாடுவதற்கு, பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதம் செப்டெம்பருக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாது. மகளுக்கோ இதுதான் கடைசிப் பருவம். பல்கலைக்கழகத் தெரிவாளர்கள் வந்து பார்ப்பதும் இப்போதுதான்.

“கடிதம் ஏன் பிந்தினது?” என்று கேட்டார் பதிவாளர்.

“புது இடம் சரிவருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு நான்தான் மறிச்சனான், ஐயா. கண்ணூறு பட்டிடும் எண்ட பயம்.”

“கோச்சுக்குக்கூடச் சொல்ல விடேல்லை,” என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. “எங்கடை சனம் வீடு வாங்கினாலும் உப்பிடித்தான். ஆனா விதியிலை கண்ணூறுக்கு இடமில்லை.”

“திகதியை ஒருக்கா முன்னுக்குப் போட ஏலாதோ?”

“ஏலாது. காசு கட்டிக் குழுவுக்கு அப்பீல் போடலாம். இண்டைக்கு அஞ்சு மணியோடை முடியுது.”

என் கார்டில் காசில்லை. அவர் தன் கார்டை எடுத்துக் கட்டணத்தைக் கட்டினார்.

அப்பீல் தோற்றது. மகள் விளையாட்டையே விட்டுவிட்டாள். தோற்கும் என்று தெரிந்துதான் கட்டினாரா என்று இன்றும் யோசிக்கிறேன். காசோடு இரண்டு தரம் அவருடைய வாசல்வரை போனேன். “பிள்ளை இப்ப விளையாடுறாளோ?” என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் திரும்பிவிட்டேன். அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாற்பது பவுண்.