சிவப்புத் துணி கட்டிய மூட்டைகள்

என் பையின் வாயை ஒரு சிவப்புச் சேலைக் கிழிசலால் கட்டி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், எந்த ஊரிலும் தரித்து இருந்ததில்லை. பைகள் எத்தனையோ மாறிவிட்டன. இந்தத் துணி மட்டும் கூடவே வருகிறது.

இது திருவாதவூர் அண்ணனுடையது. நான் மதுரைச் சந்தையில் மூட்டை தூக்கிய நாட்களில் அவர் சின்ன வெங்காயம் கொண்டுவருவார். இலங்கைக்குப் பெரிய வரியில்லாமல் சரக்கு போன காலம். கத்தரி, வெண்டையெல்லாம் விட்டுவிட்டு நிலம் முழுக்க வெங்காயமே போட்டார். கொழும்புக்குப் போகிற மூட்டைகளை மட்டும் மதினியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டுவார். கடல் தாண்டினாலும் தன் சரக்கு தனியாகத் தெரிய வேண்டும் அவருக்கு. மதினிக்கு உடுத்தச் சேலை மிச்சம் இருக்கிறதா என்று கேலி செய்வோம். "கொழும்புக்காரன் வாங்கித் தருவான், போங்கடா" என்பார்.

கோயிலுக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஒருநாள் சந்தைக்குள்ளும் வந்தார். அவரும் வெங்காயம் போடுகிறவர். லாரியருகே நின்று அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். இந்த மூட்டைகளை எங்கள் சந்தையில் பார்த்திருக்கிறேன் என்றார். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து, சரக்கு எப்படி என்று கேட்டார்.

"நல்ல வெங்காயம். இது வந்து இறங்கினா எங்கட வெங்காயத்த ஆரும் கேக்க மாட்டினம்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அண்ணன் அந்தத் துணியை ஒருமுறை பார்த்துவிட்டு டீக் காசு கொடுக்கப் போனார்.

அடுத்த அறுவடையில், அங்குள்ள விவசாயிகளுக்காக இலங்கையில் வரியைக் கூட்டிவிட்டார்கள். கொழும்புக்கு வாங்க ஆளில்லை. வரி சீக்கிரம் இறங்கும் என்று நம்பி, உள்ளூரில் விற்காமல், வயலிலேயே காற்றாடக் குவித்து ஓலை மூடிப் பட்டறை போட்டு வைத்தார் அண்ணன். மழை பிடித்துக்கொண்டது. முளைவிட்டு அழுகியதை நானும் சேர்ந்து அள்ளிக் கொட்டினேன். அவர் யாரையும் வையவில்லை.

"இந்த வருசம் அந்த யாழ்ப்பாணத்து மனுசன் வீட்டுல ஒல கொதிக்கும், தம்பி" என்றார்.

மதினி அந்த வருஷம் கப்பலூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனார்.

பிறகு வரி குறைந்தது. அண்ணன் திரும்பவும் வெங்காயம்தான் போட்டார், வேறென்ன செய்வார். ஏற்றப் போனபோது எல்லா மூட்டையும் வெறும் சணலால் கட்டியிருந்தது. துணி எங்கே என்று கேட்டேன். கிழித்ததில் மிச்சமிருந்ததை என் தோளில் போட்டார்.

"அந்த மனுசன் கண்ணுல பட வேணாம். தூக்கு."

நேற்று அந்தச் சந்தை வழியாக வந்தேன். கொழும்புச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் சணல். அண்ணனுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.