மகோகனி மொட்டையான மாசி

மரக்கன்று விற்பது இலையைக் காட்டி மரத்தை விற்கிற தொழில். இன்றைக்கு இருப்பது போலவே நாளைக்கும் இலை இருக்கும் என்று எந்த மரமும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், நிழல்வலைக்குக் கீழே, உங்களைப் போலவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்குகிறவள்தான் நானும். கல்லூரியில் தாவரவியல் படித்தவள் என்பதால் ஊருக்கு ஒரு காலத்தில் காலேஜக்கா, இப்போது காலேஜம்மா. படித்ததால் குழப்பம் குறையவில்லை. குழப்பங்களின் பெயர்கள் தெரியும், அவ்வளவுதான்.

விரல் விட்ட பலா

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், வாங்கிப் போன பலாக்கன்றைப் பையோடு திருப்பிக்கொண்டு வந்தார். சிறுமலை பஸ்ஸில் காலமெல்லாம் போய்வந்தவர். பலா இலை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது ஓரமெல்லாம் வழுவழுவென்று நீள்வட்டமாக இருக்கும். நான் கொடுத்த கன்றிலோ இலை மூன்று மூன்றாகப் பிளந்து விரல் விட்டிருந்தது.

இளங்கன்றில் சில இலைகள் இப்படித்தான் பிளந்து வரும், மரமானால் சரியாகிவிடும் என்றேன். ஏன் அப்படி என்று கேட்டார். நிறைய காரணம் சொல்வார்கள். எதுவும் எனக்கு முழுசாகத் திருப்தி தந்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். உண்மை சொன்னது தப்பாகப் போயிற்று. கன்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சின்னதுல ஒரு மாதிரி, பெருசானா ஒரு மாதிரின்னா, எதை நம்பிம்மா வாங்குறது?"

பெருமாள் வந்தார்

மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் பெருமாள் வந்தார். சாணார்பட்டிப் பக்கம் மல்லிகையும் கத்திரியும் போடுகிறவர். ஏழு வருடத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கிய மகோகனி அவர் வீட்டு வாசலில் மாடி உயரத்துக்கு நின்றது. போன வாரம் முதல் இலை கொட்டத் தொடங்கி, இப்போது ஒன்றுகூட இல்லையாம். அவர் மகள் செல்விக்குப் பரிசம் போட ஒட்டன்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். பட்ட மரம் வாசலில் நின்றால் அபசகுனம், வெட்டு என்கிறார் அவருடைய அண்ணன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் செல்வி. மரத்தை வெட்டினால் பரிசத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறாள் அவள்.

இலை வழியாகத் தண்ணீர் வீணாகிவிடும் என்று, வறண்ட மாதத்தில் மரம் தானே இலையைக் கழற்றிப் போடும், பிறகு துளிர்க்கும் என்று விளக்கினேன். "போன வருசம் வரைக்கும் கொஞ்சம் கொட்டும், உடனே துளுக்கும். இப்படி மொட்டையா நின்னதே இல்லையே" என்றார். பரிசம் என்றைக்கு என்று கேட்டேன். இன்றிலிருந்து பதிமூன்றாம் நாள் என்றார். பன்னிரண்டு நாள் பொறுங்கள் என்றேன். எந்தப் புத்தகத்திலும் பன்னிரண்டு என்று இல்லை. பரிசம் பத்தாம் நாள் என்றிருந்தால் ஒன்பது என்று சொல்லியிருப்பேன்.

"செத்துப்போச்சா, தூங்குதான்னு மரத்துக்கிட்ட கேக்க முடியாது. உங்ககிட்டதான காலேஜம்மா கேக்க முடியும்?"

வலைக்குள் வளர்ந்த நாவல்

பேகம்பூர் ஜமீலா வீட்டிலேயே இடியாப்பம் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். நிழல்வலைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்த நாவல் கன்றைப் பார்த்து ஆசையாக வாங்கிப்போய்க் கொல்லையில், சுள்ளென்ற வெயிலில் வைத்தார். இலையெல்லாம் அப்பளம் மாதிரிக் கருகிற்று. பிறகு வந்த இலைகள் சின்னதாக, தடிப்பாக இருந்தன. கருகியதில் ஒன்று, புதிதில் ஒன்று பறித்து வந்து என் மேசையில் வைத்தார். வேறு சாதிக் கன்றைக் கொடுத்துவிட்டேன் என்பது குற்றச்சாட்டு.

இரண்டும் ஒரே கன்றுதான், நிழலில் வெளிச்சம் போதாது என்று இலை அகலும், வெயிலில் காய்ந்துவிடாமல் இருக்கக் குறுகித் தடிக்கும் என்றேன். அவர் இரண்டு இலைகளையும் விரலால் நகர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாரானேன்.

"இருக்கட்டும்மா. நானும் வாப்பா வீட்டுல இருந்தப்ப வேற மாதிரிதான் இருந்தேன்."

நகக் கீறல்

எட்டாம் நாளும் துளிர் வரவில்லை என்று பெருமாள் ஃபோன் செய்தார். என் பண்ணையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் மாரியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். பார்த்ததும் பாதிக் காரணம் புரிந்தது. பரிசத்துக்காக வாசல் முழுக்க, மரத்தின் அடியை நெருக்கிப் பிடிக்கிற மாதிரி, சிமெண்ட் கல் பாவியிருந்தார்கள். சமையலறைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தெருவுக்குத் திருப்பியிருந்தார்கள். ஏழு வருடம் ஈரத்தில் நின்ற மரம் ஒரே மாதத்தில் பாலைவனத்துக்குக் குடிபோய்விட்டது. உறங்குவதற்கும் அது காரணம், சாவதற்கும் அதுவே காரணம்; எது என்பதுதான் கேள்வி.

நம் தொழிலில் இதற்கு ஒரே சோதனை, நகத்தால் பட்டையைக் கீறுவது. உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் விறகு. கீறினேன். எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், பழுப்பாகத் தெரிந்தது. இந்த இரண்டு வருடமாக என் கண்ணில் அந்த இரண்டு நிறமும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருக்கின்றன, யாரிடமும் சொல்லவில்லை. பெருமாள், அவர் அண்ணன், செல்வி மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். "உயிர் இருக்கு" என்றேன். அடிமரத்தைச் சுற்றி நான்கு வரிசைக் கல்லைப் பெயர்த்துவிட்டுத் தண்ணீர் விடச் சொன்னேன். செல்வி அப்போதே கடப்பாரையை எடுத்துவந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் மாரியம்மாளிடம், நீ பார்த்தாயே, என்ன நிறம் என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா மரத்தைப் பாத்தேன்? உங்க மூஞ்சியைத்தான் பாத்தேன்."

மருந்தடித்த மாங்கன்று

அதே வாரத்தில் ஒரு வங்கிக்காரர் வந்தார். அவருடைய மாங்கன்றில் புது இலையெல்லாம் செம்பு நிறத்தில், துவண்டு தொங்கிக்கொண்டு வந்ததாம். நோய் என்று முடிவு கட்டி மூன்று தடவை மருந்து அடித்திருக்கிறார். தளிர் வெயிலில் பொசுங்காமல் இருக்கவே அந்தச் சிவப்பு, பிறகு பச்சையாகிவிடும் என்றேன். "பச்சையாத்தான் ஆச்சு" என்று பெருமையாகத் தலையாட்டினார்.

"அதான் சொல்றேன் மேடம், மருந்து கேட்டுருச்சு."

பரிசம்

பன்னிரண்டாம் நாளும் துளிர் வரவில்லை. என் வாக்கு பொய்த்துவிட்டது. மறுநாள் பரிசத்துக்கு அழைப்பு இருந்ததால், போகாமல் இருந்தால் ஓடி ஒளிந்தது போலாகும் என்று போனேன். வாசலில் மகோகனி பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு நொடி என் கண்ணையே நம்பவில்லை. கிட்டே போனபோதுதான் தெரிந்தது: ராத்திரியோடு ராத்திரியாக, கிளைக்குக் கிளை வேப்பங்கொத்துகளைச் சணல் போட்டுக் கட்டியிருந்தார் பெருமாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டு மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, இதென்ன மரமுங்க? அடி ஒண்ணு, தலை ஒண்ணா இருக்குதுங்களே?" பெருமாள் தட்டில் இருந்த வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். செல்விதான் நிமிர்ந்தாள். "தண்ணி பத்தாம இலையைக் கொட்டிருச்சு அத்தை. நீங்க வாரீங்கன்னு அப்பாதான் சட்டை மாட்டிவிட்டுட்டாரு." அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

"எங்க கெணறும் மொட்டையாத்தான் கெடக்குது கண்ணு. வரும்போது அதுக்கும் ஒரு சட்டை கொண்டாந்துரு."

சனிக்கிழமை காலை

கல்யாணம் உறுதியாயிற்று, மரம் ஆகவில்லை. பரிசம் முடிந்ததும் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை மரம் அறுக்கிற மெஷின் வருகிறது என்று சொல்லிவிட்டார். பொறுக்கச் சொல்ல என்னிடம் வேறு எண் மிச்சமில்லை. அன்றிலிருந்து தினமும் என் பண்ணையில் ஏதாவது ஒரு கன்றின் பட்டையைக் கீறிப் பார்ப்பேன், மாரியம்மாளைக் கூப்பிட்டு நிறம் கேட்பேன். அவள் ஒருநாள் கையைப் பிடித்து, உயிரோடு இருப்பதையெல்லாம் காயப்படுத்தாதீர்கள் என்று கோபித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஃபோன். காய்ந்துபோன வேப்பங்கொத்துகளை அவிழ்க்க ஏணி வைத்து ஏறியிருக்கிறார் பெருமாள். சணல் கட்டியிருந்த இடத்துக்கு மேலே, நுனிக்கு நுனி, எதையோ பார்த்திருக்கிறார். ஏணியிலிருந்தே பேசினார். கீழே செல்வி கத்துவதும் கேட்டது.

"காலேஜம்மா, கெளையெல்லாம் செவப்பா என்னமோ மொளைக்குது. மருந்து அடிச்சுரவா?"

இத்தனை வருடம் கன்று விற்று நான் தெரிந்துகொண்டது, இலை இல்லையென்றால் வெட்ட வருவார்கள், இலை வந்தால் மருந்தடிக்க வருவார்கள், இரண்டுக்கும் நடுவே கண் தெரியாத ஒரு கிழவி ஃபோனைப் பிடித்துக்கொண்டு உறுதியான குரலில் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான்.